ஒரு பறப்புக்கு ஒரு அட்டை

விமானத்தில் பறந்தால் மைல் சேரும் என்பது முதல் மூன்று வருடமும் எனக்குத் தெரியாது.

ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், நடுக்கடலில் எண்ணெய் தோண்டும் மேடை ஒன்றில் நான் சமையலறை வேலைக்காரன். இரண்டு மாதம் மேடையில், ஒரு மாதம் வீட்டில். கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்காவில் ஏறி, வளைகுடா நாடொன்றில் விமானம் மாறி, ஆபிரிக்காவில் இறங்கி, அங்கிருந்து ஹெலிகொப்டரில் கடலுக்குள் போக வேண்டும். டிக்கட் கம்பனி போடும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாஸ்போட்டை நீட்டுவேன், தருவதை வாங்குவேன், அம்புக்குறி காட்டும் பக்கம் நடப்பேன். யாரிடமாவது ஒன்று கேட்க வேண்டுமென்றால் எனக்குக் கழுத்து வியர்த்துவிடும்.

மைலைப் பற்றிச் சொன்னவர் மேடையின் பெரிய சமையற்காரர், கேரளத்துக்காரர். நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.

"மூணு வருஷமா பறக்கிற, ஒரு கார்டு இல்லையா? அத்தனை மைலையும் கடல்ல கொட்டிட்டியேடா" என்று அகப்பைக் காம்பால் தலையில் தட்டினார்.

சீவிய தோலை இரண்டு குவியலாக ஒதுக்கி விளக்கினார். நாங்கள் பறக்கும் விமான நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு அட்டை உண்டு. அதனோடு கூட்டுச் சேர்ந்த இன்னொரு நாட்டு நிறுவனத்துக்கும் ஒரு அட்டை உண்டு. ஒரே பறப்பின் மைலை இரண்டில் ஒன்றில் போடலாம். முதல் அட்டையில் முழு மைலும் விழும். ஆனால் மைல் நிறைந்ததும் அதில் கிடைக்கும் இலவச டிக்கட்டை, குடும்பம் என்று முன்பே பதிந்து வைத்த எட்டுப் பேருக்குத்தான் கொடுக்கலாம். இரண்டாவதில், எங்களுடையதைப் போன்ற மலிவு டிக்கட்டுக்குப் பாதி மைல்தான் விழும். ஆனால் அந்த டிக்கட்டை உலகத்தில் யாருக்கும் கொடுக்கலாம்.

"ரெண்டிலயும் போட ஏலாதா?" என்று கேட்டேன்.

"ஒரு பறப்புக்கு ஒரு கார்டு. கவுண்டர்ல இருக்கிற நம்பர்தான் கணக்கு. போட்டது போட்டதுதான், அப்புறம் அழுதாலும் மாறாது. யாருக்குக் குடுக்கப் போறேன்னு முதல்ல முடிவு பண்ணு. அதுக்கப்புறம் கார்டு எடு."

எனக்கு அப்போதே ஒருத்தியின் முகம் வந்தது. என் தங்கச்சி.

அவள் ஒரு வளைகுடா நகரத்தில் வீட்டு வேலைக்குப் போனவள். கணவன் விட்டுப் போய்விட்டான், ஒரே மகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். அந்த வீட்டுக்காகப் போனாள். ஒப்பந்தம் முடிந்தும் அவளுடைய மெடம், அந்த வீட்டு எசமானி, அவளை அனுப்பவில்லை. புதுப் பெண் கிடைத்தால் அனுப்புவேன், அவசரமென்றால் நீயே டிக்கட் எடுத்துக்கொண்டு போ என்பதுதான் மெடத்தின் பதில். சம்பளம் முழுவதையும் சுவருக்கும் கூரைக்கும் அனுப்பிவிட்ட ஒருத்தியிடம் சொன்ன பதில் அது.

நீயே எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு நான் எந்த வீட்டில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். தேற்றாத்தீவில் பிறந்து, கலியாணம் முடித்து நாவற்குடாவுக்குப் போனவன் நான். வீடு மனைவியின் பெயரில். அதே வளவில் அடுத்த வீடு அவளுடைய தங்கைக்கு. இரண்டு வீட்டுக்கும் தலைவி மனைவியின் தாய், என் மாமி. என் சம்பளம் நேரே மனைவியின் வங்கிக்குப் போகும், அதில் நான் வாய் வைத்ததில்லை. மைல் ஒன்றுதான் என் உடம்பு இருக்கையில் குந்தியிருந்து எனக்கென்று சேர்த்தது.

முதல் அட்டையை எடுத்துத் தந்தவர் மனைவியின் தங்கை கணவர், என் சகலன். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். நான் மூத்தவன் என்பதால் அண்ணன் என்று கூப்பிட வேண்டும். கூப்பிடுவார், 'அஞ்சாம் வகுப்பண்ணன்' என்று.

"குடும்பம் எட்டுப் பேர் போடலாமாம். சொல்லுங்க அண்ணன், ஆர் ஆர்?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறக்குமுன் எழுதத் தொடங்கினார். என் மனைவி, என் மகள்மார் இரண்டு பேர், மாமி, அவர், அவருடைய மனைவி, அவர்களின் பிள்ளைகள் இரண்டு பேர்.

"என்ட தங்கச்சிய..." என்றேன்.

மாமி பாக்கு வெட்டிக்கொண்டிருந்தா. தலை நிமிரவில்லை. "அவ வேற குடியெல்லா, மருமகன். இது நம்மட வளவுக்கு எடுக்கிற காட்."

எங்களுக்குக் குடி, அதாவது குலம், தாய்வழியில் வருவது. நானும் தங்கச்சியும் ஒரு குடி, மனைவியின் ஆட்கள் வேறு குடி. வேறாக இருந்தபடியால்தான் எனக்குப் பெண்ணே தந்தார்கள். அந்தப் படிவத்தில் சகோதரி என்றும் ஒரு வரி இருந்ததைச் சமையற்காரர் பிறகு காட்டினார். விமானக் கம்பனிக்குக் குடி தெரியாது. அதையும் குடி பார்த்து நிரப்பியது நாங்கள்தான். ஒருமுறை நிரம்பினால் பெயரை இலேசில் மாற்ற முடியாது.

இரண்டாவது அட்டையைச் சமையற்காரர் தன் போனில் எனக்கு எடுத்துத் தந்தார். வீட்டில் சொல்லவில்லை. போகும் பறப்புக்கெல்லாம் சகலன் வீட்டிலிருந்தே முதல் அட்டையின் இலக்கத்தைப் போட்டு விடுவார். வரும் பறப்பில் சமையற்காரர் பக்கத்தில் நின்று இரண்டாவது இலக்கத்தைப் போட வைப்பார். இப்படிப் பாதி பாதியாக மூன்று வருடம். தங்கச்சியின் டிக்கட்டுக்கு இன்னும் ஒரே ஒரு பயணத்து மைல் குறைந்திருந்தபோது அவளுடைய மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளையும் வெளிநாட்டில் வேலை, லீவு ஒரு மாதம்தான். நாளைத் தள்ளிப் போட முடியாது.

நான் திரும்பிப் போக வேண்டிய பயணம் அடுத்த கிழமை. அந்தப் போகும் பறப்பை இரண்டாவது அட்டையில் போட்டால் தாய் மகளின் கலியாணத்துக்கு வருவாள். சகலன் அதே பறப்பை முதல் அட்டையில் போட்டு, மைலோடு காசும் சேர்த்துக் கட்டும் குடும்பச் சலுகையில் எட்டுப் பேரும் சிங்கப்பூர் போவதற்குத் திட்டம் போட்டிருந்தார். அவர்களுக்கும் அந்த ஒன்றுதான் குறைந்தது.

தேற்றாத்தீவுக்குப் போனேன். மருமகள், அதாவது மணப்பெண், ஒரு கடதாசியில் இங்கிலீசில் எழுதித் தந்தாள். இருக்கும் இலக்கத்தை எடுத்துவிட்டு இந்த இலக்கத்தைப் போடவும் என்று பொருள். கீழே இரண்டாவது அட்டையின் இலக்கம், கொட்டைக் கொட்டையாக.

"மாமா, நீங்க ஒண்டும் பேசத் தேவையில்ல. இத நீட்டினாக் காணும்."

நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

பயணத்தன்று விடியப் புறப்பட்டோம். என்னை வழியனுப்ப வளவு முழுவதும் வான் வண்டியில் ஏறியது. வாழைச்சேனை தாண்டிய பிறகு தங்கச்சியின் குரல் செய்தி ஒன்று வந்தது. நான் சமையலறை இரைச்சலுக்காகப் போனின் சத்தத்தை எப்போதும் கூட்டி வைத்திருப்பவன். யோசிக்காமல் அதன் மேல் விரலை அமத்திவிட்டேன்.

"அண்ணா, சாமியக் கும்பிட்டுட்டுத்தான் பேசுறன். மறந்திராத. அந்த ரெண்டாவது காட்டக் குடு. உனக்கு வாய் வராது, அதுக்குத்தான் புள்ளைட்டச் சொல்லி எழுதித் தந்திரிக்கன். உன்ட மாமி வீட்டாக்களுக்குப் பயந்து நடுங்காத. மாடு மாதிரி அவங்கட வளவிலேயே கட்டுண்டு கிடக்காம ஒருக்கா எனக்காக வாயத் திற."

நிறுத்தத் தெரியாமல் தடவினேன். முடியும்வரை பேசி முடித்தாள்.

பிறகு சகலன் பின்னிருக்கையிலிருந்து எட்டி என் சட்டைப் பையை விரலால் தட்டினார். "கடதாசி பத்திரமாக் கிடக்கா, அண்ணன்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"மாடாம்!" என்றா மாமி. "அப்ப நாங்கெல்லாம் புல்லுப் போடுற ஆக்களா, மருமகன்? இவ்வளவு நாளும் சோறெண்டெல்லா நினைச்சுப் போட்டம்."

சகலனின் சின்ன மகன், "பெரியப்பா, ம்மா எண்டு சொல்லுங்க" என்றான். அவனே சொல்லிக் காட்டினான். அவனுடைய அக்காவும் கத்தினாள். என் மூத்த மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். மனைவி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அவள் இப்பிடிப் பேசிற அளவுக்கு நீங்கதான் இடம் குடுத்து வச்சிரிக்கீங்க" என்றாள்.

பொலன்னறுவையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். சகலன் கடைக்காரரிடம் எட்டுத் தேத்தண்ணியும் ஒரு கட்டு வைக்கலும் கேட்டார். கடைக்காரருக்குத் தமிழ் விளங்கவில்லை. சகலன் சிங்களத்தில் திரும்பச் சொன்னார். கடைக்காரரும் சிரித்தார். எனக்குத் தேத்தண்ணி வந்தது, கடைக்காரர் இரக்கப்பட்டுத் தந்தது.

ஒருவரும் அந்தக் கடதாசியைப் பறிக்கவில்லை. குடுக்காதே என்று சொல்லவில்லை. ஏனென்றால் நான் அதை நீட்டுவேன் என்று ஒருவரும் நம்பவில்லை. கட்டுநாயக்கா வரும்வரை பிள்ளைகள் மாடாகக் கத்திக்கொண்டு வந்தார்கள், களைத்தால் நிறுத்தி மீண்டும் தொடங்கினார்கள். நான் எரிந்துகொண்டிருந்தேன். யார் மேல் என்பதுதான் சொல்ல வேண்டியது. கத்திய பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வைக்கல் கேட்டவர் மேலும் வரவில்லை. அவர்களிடம் கோபப்பட்டுவிட்டு, திரும்பி வந்து ஒரு மாதம் அதே வளவில் எப்படிச் சாப்பிடுவது? கோபம் தங்கச்சி மேல் வந்தது. அவளுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லையா? உதவி கேட்கிறவள் இப்படியா பேசுவாள்? ஒரு மெடத்தின் குசினியில் நின்று சட்டி கழுவுகிறவள் என்னை மாடு என்கிறாளா? நானும் சட்டி கழுவுகிறவன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

உள்ளே பயணிகள் மட்டும்தான் போகலாம். வாசலில் எல்லோரும் கை காட்டினார்கள். சகலனின் மகன் கடைசியாக ஒரு முறை கத்தினான்.

வரிசை நீளமில்லை. கவுண்டரில் இருந்தது ஒரு சிங்களப் பிள்ளை. என் பாஸ்போட்டைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினாள், மெதுவாக, சொல்லுக்குச் சொல் தேடி.

"நம்பர் ஒண்டு இரிக்கி. இதில போடுறதா? வேற நம்பர் இரிக்கா?"

என் விரல்கள் சட்டைப் பைக்குள் இருந்தன. கடதாசியின் மடிப்பு கையில் பட்டது. அவள் காத்திருந்தாள். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. "அவசரம் இல்ல" என்றும் சொன்னாள். சிரித்தாள்.

"இதிலேயே போடுங்க" என்றேன்.

அவ்வளவு தெளிவாக நான் வேறு யாரிடமும் பேசியதில்லை. கழுத்து வியர்க்கவில்லை. இரண்டு சொல்லையும் சொன்னபோது நெஞ்சுக்குள் ஒரு குளிர் இறங்கியது, தாகத்துக்குத் தண்ணீர் குடித்ததுபோல. இனி யார் மாடு என்று பார்ப்போம் என்று நினைத்தேன். விமானம் ஏறிய பிறகு கடதாசியை எடுத்து, முன்னிருக்கையின் பைக்குள், அவசரகாலத்தில் என்ன செய்வது என்று படம் போட்ட அட்டைக்குப் பின்னால் செருகிவிட்டேன். இறங்கும்போது எடுக்கவில்லை.

விமானம் மாறும் இடத்தில் தங்கச்சி போன் எடுத்தாள். "அண்ணா, குடுத்தயா?"

"அவங்க ஒண்டும் கேக்கல்ல. எனக்கு வாய் வரல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குழாயைப் பூட்டினாள்.

"சரி அண்ணா. நீ சின்னன்ல இருந்தே அப்பிடித்தானே. உன்னச் சொல்லி என்ன செய்ய?" கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டயா?" என்று கேட்டாள். மெடத்தின் மணி அடித்தது, போனை வைத்தாள்.

மேடைக்குப் போனதும் சமையற்காரர் கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன். மாவைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தார். "கேப்பாங்களே" என்றார். அன்றிலிருந்து என் தலையில் அகப்பைக் காம்பால் தட்டுவதை அவர் விட்டுவிட்டார்.

நான் கடலில் இருந்தபோது எட்டுப் பேரும் சிங்கப்பூர் போய் வந்தார்கள். விமானத்துக்குள் எடுத்த படம் வந்தது. மாமி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தா. கீழே சகலன் எழுதியிருந்தார்: அஞ்சாம் வகுப்பண்ணன் வாழ்க.

கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்பாக வீட்டுக்கு வந்தேன். அந்தப் பறப்பை இரண்டாவது அட்டையில் போட வைத்தார் சமையற்காரர். ஆனால் பறந்த மைல் வந்து விழப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். தாலி கட்டி மூன்றாம் நாள் அது விழுந்தது, டிக்கட்டுக்குச் சரியாக.

கோயில் மண்டபத்தில், பெண்ணின் தாய் இருக்க வேண்டிய கதிரையில் ஒரு செம்பை வைத்து, அதில் போனைச் சாத்தி வைத்திருந்தார்கள். திரைக்குள் தங்கச்சி மெடத்தின் குசினியில் நின்றாள். அரைத்து முடிக்காத ஏதோ ஒன்று கையில் ஒட்டியிருந்தது. தலைத் துணியை எடுத்துவிட்டுப் பொட்டு வைத்திருந்தாள். சகலன் கடந்து போகும்போது குனிந்து திரைக்கு முன்னால் முகத்தை நீட்டினார்.

"தங்கச்சி, உங்கட மாடு கலியாணத்துக்கு வந்திரிக்கி!"

அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. திரைக்குள் கண்களால் என்னைத் தேடினாள். "அண்ணா," என்றாள், "நான் பேசி அனுப்பினத அவங்களும் கேட்டவங்களா?"

நான் தலையாட்டினேன்.

"ஐயோ, அப்ப நான்தானா? நான் அனுப்பித்தான் கெட்டுப் போச்சா? அவங்க உன்ன விடல்ல என்ன?"

மேளம் எழும்பியது. நான் மறுத்துச் சொல்லவில்லை. தாலி கட்டும் நேரம் அங்கே மெடம் கூப்பிட்டிருக்க வேண்டும். போன் எங்கோ கவிழ்ந்தது. திரையில் வெள்ளையாக ஒரு கூரையும் அதில் சுற்றும் காற்றாடியும்தான் தெரிந்தன. கெட்டிமேளம் முடியும்வரை அந்தக் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

மணப்பெண் குனிந்த தலையோடு என்னிடம் கேட்டாள். "மாமா, அம்மா பாத்தவவா?"

"ஓம், பாத்தவ" என்றேன்.

மாமி பெண்ணின் கையில் ஒரு பொதியைக் கொடுத்தா. சிங்கப்பூர் ஹோட்டல் அறையிலிருந்து எடுத்து வந்த சின்னச் சவர்க்காரங்கள், நாடாவால் கட்டியவை. "உன்ட மாமன்ட புண்ணியத்தில கிடைச்சது, புள்ள. வாசமாக் குளி" என்றா.

கலியாணம் முடிந்த பிறகு அவளும் டிக்கட் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு மெடமே தங்கச்சியை அனுப்பினாள். வந்தவள் மகளின் வீட்டில் இருந்தாள். கட்டியது அவள்தான் என்றாலும் சீதனமாகக் கொடுத்த பிறகு அது மகளின் வீடு. குசினிக்குப் பக்கத்தில் சாமான் வைக்கும் அறையில் பாய் போட்டுக்கொண்டாள். நான் போகும்போதெல்லாம் இறால் பொரித்துத் தருவாள். அயலவர்களிடம், "எங்கட அண்ணன் என்னக் கூப்பிடத்தான் மைல் சேர்த்தவர். நான்தான் என்ட வாயால கெடுத்தன்" என்பாள். நான் இறாலைத் தின்றுகொண்டிருப்பேன்.

லீவு முடிந்தும் வேலைக்குத் திரும்பாமல் பயணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே நின்ற அவளுடைய மருமகன் ஒருநாள் என் முன்னாலேயே சொன்னான். "மாமி இஞ்ச சும்மாதானே இரிக்கா. இன்னொருக்காப் போய் வந்தா மேல் வீட்டயும் எழுப்பிரலாம்." மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். அவள் கோப்பைகளை அடுக்கினாள். தங்கச்சி எழும்பிப் போய் எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

பழைய மெடமே விசா அனுப்பினாள். ஆனால் டிக்கட் உன் பாடு என்று சொல்லிவிட்டாள்.

தங்கச்சி நாவற்குடாவுக்கு வந்து வளவு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. "அண்ணா, அந்த ரெண்டாவது காட் இப்ப நிறைஞ்சிரிக்கா?"

நிறைந்திருந்தது. யாருக்கும் கொடுக்கலாம் என்ற அந்த அட்டையிலிருந்து சமையற்காரர் டிக்கட்டைப் போட்டு அனுப்பினார். அவளைக் கூப்பிட்டு எடுப்பதற்காக மூன்று வருடம் பாதி பாதியாகச் சேர்த்தது, அவளைத் திருப்பி அனுப்பச் சரியாக இருந்தது. ஒரு வழிக்கு மட்டும்.

இந்த முறை வான் இல்லை. நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். பொலன்னறுவையில் அவளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். வழி முழுவதும் பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றிப் பேசினாள். கவுண்டர்ப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஏழு மணித்தியாலம் இருந்தது. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

விமான நிலைய வாசலில் பையை மாற்றிப் பிடித்தபடி கேட்டாள். "அண்ணா, நானும் ஒரு காட் எடுத்தா, இப்ப நான் பறக்கிற மைல் எனக்கு விழுமா?"

"இலவச டிக்கட்டுக்கு மைல் விழாது" என்றேன்.

"அப்ப நான் திரும்பி வாறதுக்கு?"

நான் பிடித்திருந்த பையின் வாரை இழுத்து முடிந்தேன்.

"சரி, உனக்கு வாய் வராதுதானே" என்றாள். என் கையிலிருந்த மற்றப் பையையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.